இடப்பக்கக் கோடு

செகந்திராபாத் லாலாகூடாவில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே கல்யாணமாகி, முப்பத்தேழு வயதுவரை வேலை என்று வெளியே போகாதவள் கனகமணி. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அறுபது வருஷம் ஆன பிறகும் அந்தக் குடும்பத்தில் ஊர்ப்பேச்சு மாறவில்லை. கணவர் ஜெயகரனுக்குத் தார்நாகாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீஷியன் வேலை. சாலைகளைச் சோதிக்கும் பிரிவு. ஹில்டா என்று ஒரே மகள்.

பார வண்டிகள் ஓடி ஓடி, தார்ச்சாலையில் சக்கரம் போகிற இடம் மட்டும் நீளவாக்கில் அமிழ்ந்து வாய்க்கால்போல ஆகிவிடும். ஆபீசில் அதற்கு ‘ரட்’ என்று பெயர். எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று பார்க்க, மூன்று மீட்டர் நீளமுள்ள அலுமினியப் பட்டையைச் சாலைக்குக் குறுக்கே கிடத்துவார்கள். பட்டைக்கும் தாருக்கும் நடுவிலுள்ள சந்தில், மில்லிமீட்டர் கீறிய பித்தளை ஆப்பைச் செருகுவார்கள். ஆப்பு எந்தக் கீறலில் முட்டி நிற்கிறதோ அதுதான் பள்ளத்தின் ஆழம். பத்து மீட்டருக்கு ஒரு தடவை குனிந்து நிமிர வேண்டும். போக்குவரத்தை நிறுத்த வழியில்லை. ஒருவர் முன்னால் போய் நின்று, சிவப்புக் கொடியை ஆட்டி வண்டிகளை ஒதுக்கி விடுவார்.

1985 ஜூலையில் ஒரு வியாழக்கிழமை பாலாநகர் சாலையில் இந்த வேலை நடந்துகொண்டிருந்தது. கொடி பிடிக்கிற ஆள் அன்று வரவில்லை. கொடியை ஜெயகரன் எடுத்துக்கொண்டு முன்னால் போனார். மழை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகாததால் பள்ளத்தில் தண்ணீர் நின்றது. இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று தொழிற்சாலைத் திருப்பத்திலிருந்து வந்தது. டிரைவர் கொடியைப் பார்த்து ஒடித்துத் திருப்பினான். தடத்துக்குள் இறங்கிய சக்கரம் வெளியே ஏறவில்லை. தடத்தோடேயே வழுக்கிக்கொண்டு நேராக வந்தது.

வீட்டுக்குச் சொல்ல வந்தவன் ஆபீஸ் ஜீப் டிரைவர் அய்யாக்கண்ணு. ஜெயகரனை அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகியவன். வாசலில் நின்று “அண்ணி” என்றான். கனகமணி அவன் சட்டையிலிருந்த ரத்தக் கறையைப் பார்த்தாள். உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். பாலை மூடி வைத்தாள். மழை வந்தால் சாரல் அடிக்குமென்று மேற்கு ஜன்னலைச் சாத்தினாள். குடையை எடுத்துக்கொண்டாள். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, ஹில்டா பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சாப்பிடச் சொல்லுங்கள் என்றாள். குடையை எப்படி ஞாபகமாக எடுத்தோம் என்று பிற்பாடு அவளுக்கே விளங்கவில்லை.

அடக்க ஆராதனையில் அவள் அழவில்லை. கல்லறைத் தோட்டத்திலும் அழவில்லை. பதினான்கு வயது ஹில்டாதான் தொண்டை கட்டுகிறவரை அழுதாள். சபைப் பெண்கள் ஒருவர் மாற்றி ஒருவராகக் கனகமணியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். “அவளுக்கு இன்னும் உறைக்கலை. நாளாவட்டத்துல அழுதுருவா” என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அது அவள் காதில் விழுந்தது. அப்படித்தான் இருக்கும் என்று அவளும் நினைத்தாள்.

நாள் போயிற்று. அழுகை வரவில்லை. சாப்பாட்டில் ருசி போயிருந்தது. குழம்புக்கு ஒரே நாளில் இரண்டு தடவை உப்புப் போடுவாள், மறுநாள் போடவே மாட்டாள். ஹில்டா வாயில் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளுவாள். “மம்மி, நமக் நஹீ ஹை” என்பாள். மகளுக்கு அம்மா பேசுகிற தமிழ் முழுக்கப் புரியும். பதில் மட்டும் இந்தியிலோ இங்கிலீஷிலோதான் வரும். கனகமணி எழுந்துபோய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைப்பாள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

கருணை அடிப்படையில் வேலை தருவதாக ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. 1986 பிப்ரவரியில், கணவர் வேலை பார்த்த அதே பிரிவில் போய்ச் சேர்ந்தாள். பிரிவுக்குத் தலைவர் சக்ரபாணி என்ற விஞ்ஞானி. சென்னைக்காரர், ஐம்பதை நெருங்குகிறவர், ஹப்சிகுடாவில் குடியிருந்தார். முதல் நாள் அவளை உட்காரச் சொல்லிவிட்டு அவர் நின்றுகொண்டே பேசினார்.

“எஸ்.எஸ்.எல்.சி. படிச்சிருக்கேள் இல்லையா?”

“ஆமா சார்.”

“கண்ணு நன்னாத் தெரியுமா?”

“தெரியும் சார்.”

“அப்ப போறும். ஒரு மிஷின் வந்திருக்கு. அதோட கோட்டைப் படிக்கணும். பொறுமை வேணும், வேற ஒண்ணும் வேண்டாம்.” சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “இனிமே ரோட்டுல ஒரு ஆள்கூட இறங்க வேண்டாம். அதுக்குத்தான் இந்த மிஷின்.”

இரண்டு வருஷமாக ஃபைலில் தூங்கிக் கிடந்த அந்த இயந்திரத்துக்கு, ஜெயகரன் இறந்த மூன்றாம் மாதம் டெல்லியிலிருந்து அனுமதி வந்திருந்தது. சக்ரபாணி நேரில் போய் உட்கார்ந்து வாங்கிவந்ததாகச் சொன்னார்கள்.

ஒரு மேட்டடார் வேன். அதன் பின்பக்கம் குறுக்கே ஓர் இரும்புச் சட்டம். சட்டத்தில் மூன்று பெட்டிகள்: இடது சக்கரத் தடத்துக்கு மேலே ஒன்று, வலது தடத்துக்கு மேலே ஒன்று, நடுவில் ஒன்று. ஒவ்வொரு பெட்டியும் காதுக்குக் கேட்காத ஒலியைத் தரைக்கு அனுப்பும். ஒலி தாரில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்பதை வைத்துத் தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும். வேனுக்குள் இருக்கிற பதிவுக் கருவியில் மூன்று பேனாக்கள் ஓடுகிற காகிதச் சுருளில் மூன்று கோடு போட்டுக்கொண்டே வரும். இடது பெட்டிக்குச் சிவப்பு, நடுவுக்குப் பச்சை, வலதுக்கு நீலம். சக்கரம் படாத நடுப்பகுதி அமிழாது. ஆகவே பச்சைக் கோட்டிலிருந்து சிவப்பு எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அவ்வளவு இடப்பக்கப் பள்ளம். நீலம் எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அவ்வளவு வலப்பக்கப் பள்ளம்.

அந்த வேனை ஓட்ட அய்யாக்கண்ணுவைப் போட்டிருந்தார்கள். அவன் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் தேர் இழுப்பதுபோல ஓட்டுவான். சாயங்காலம் சுருள்கள் கனகமணியின் மேஜைக்கு வரும். ஸ்கேலும் உருப்பெருக்கியும் வைத்துக்கொண்டு, சாலையின் பத்து மீட்டருக்கு ஒன்றாகக் கோடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். காலை ஒன்பதரைக்குத் தலையைக் குனிந்தால் சாப்பாட்டு மணிக்கு நிமிர்வாள். மூன்று பேர் செய்கிற வேலையை ஒருத்தி செய்கிறாள் என்று ஆபீசில் பேச்சு வந்தது. அவளைப் பொறுத்தவரை அந்தக் காகிதத்தில் யாரும் இல்லை, எதுவும் நடக்கவில்லை. அவளால் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க முடிந்தது.

மார்ச்சில் ஒருநாள், பழைய கணக்கோடு ஒப்பிடுவதற்காக அலமாரியிலிருந்து கையளவுப் பதிவேட்டை எடுத்தாள். பாலாநகர் சாலைக்கு உண்டான பதிவேடு. கடைசியாக எழுதியிருந்த பக்கத்தில் ஜெயகரனின் கையெழுத்து. தேதிக்குக் கீழே இங்கிலீஷில் ஒரு வரி. ‘கொடிக்காரர் வரவில்லை. வேலையை ஒத்திவைக்கலாம் என்று சொன்னேன். தொடரும்படி திரு. சக்ரபாணி உத்தரவு.’ அதற்குக் கீழே வேறொருவர் கையெழுத்தில் இருபத்திரண்டு அளவுகள். இருபத்து மூன்றாவது வரி காலி.

கனகமணி அதை இரண்டு தடவை படித்தாள். எழுந்துபோய்க் குழாயில் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து, தனக்கு வேண்டிய அளவுகளைக் குறித்துக்கொண்டு, பதிவேட்டை இருந்த இடத்திலேயே வைத்தாள். சற்று நேரத்தில் சக்ரபாணி அந்த வழியாக வந்து, எவ்வளவு முடிந்தது என்று கேட்டார். முப்பதாவது சுருள் சார் என்றாள்.

தனக்குக் கோபம் வருமென்று அன்றைக்குப் பூராவும் எதிர்பார்த்தாள். பஸ்ஸில் வரும்போது எதிர்பார்த்தாள். வீட்டில் துணி மடிக்கும்போதும் எதிர்பார்த்தாள். பக்கத்து அறையில் யாரோ பேசிக்கொண்டிருப்பதுபோல, ஏதோ நடக்கிறது என்று மட்டும் தெரிந்தது. என்ன பேச்சென்று பிடிபடவில்லை. ஹில்டாவிடம் சொல்லவில்லை.

அக்டோபர்வரை அப்படியே ஓடிற்று. அந்த மாதம் பாலாநகர் சாலையின் ஆறு கிலோமீட்டரை வேன் ஒரே நாளில் ஒரே திசையில் நான்கு நடை அளந்தது. இயந்திரம் நம்பத்தக்கது என்று டெல்லியிலிருந்து வரும் குழுவுக்குக் காட்ட வேண்டும். நான்கு நடையிலும் ஒரே அளவு வந்தால்தான் அது நிரூபணமாகும். கனகமணி நான்கு சுருள்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். ஒரு குறிப்பிட்ட தந்திக் கம்பத்துக்கு நேரே இடப்பக்கப் பள்ளம் முதல் நடையில் முப்பத்து மூன்று மில்லிமீட்டர். இரண்டாம் நடையில் இருபத்தெட்டு. மூன்றாவதில் இருபத்து மூன்று. வலப்பக்கம் மூன்று நடையிலும் பதினெட்டு, பதினெட்டு, பதினேழு. நான்காம் நடையில் இடப்பக்கம் மறுபடி முப்பத்திரண்டுக்குப் போயிருந்தது.

எழுதும்போது தப்புப் பண்ணிவிட்டோம் என்று நினைத்து மறுபடி அளந்தாள். அதுவேதான் வந்தது. முந்தைய மாதச் சுருள்களை எடுத்துப் பார்த்தாள். எந்தச் சாலையானாலும் இதே கதை. வண்டி ஓட ஓட இடப்பக்கப் பள்ளம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்ந்துகொண்டே வருகிறது. ஏதோ ஓரிடத்தில் சட்டென்று பழைய ஆழத்துக்குப் போகிறது. அந்த இடங்களைத் தனித் தாளில் எழுதிக்கொண்டு, வேன் நிறுத்துமிடத்துக்குப் போனாள். அய்யாக்கண்ணு டயர் துடைத்துக்கொண்டிருந்தான்.

“தம்பி, உங்க ட்ரிப் புக்கைக் கொஞ்சம் காட்டுங்க.”

“கைக்கு அண்ணி, எதுக்கு? டீசல் கணக்கு எல்லாம் சரியா இருக்குது.”

“டீசல் இல்ல. எங்கெங்க நிறுத்துனீங்கன்னு பாக்கணும்.”

அவன் புத்தகத்தை நீட்டினான். டீ குடிக்க நிறுத்தியது, ரயில்வே கேட்டில் நின்றது, பஞ்சர் போட்டது என்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தான். அவள் தாளில் இருந்த ஒவ்வோர் இடத்துக்கும் நேரே ஒரு நிறுத்தம் இருந்தது.

“வண்டி நின்னு கிளம்புனா சரியாச் சொல்லுது. ஓட ஓடப் பொய் சொல்லுது. இடப்பக்கம் மட்டும்” என்றாள் கனகமணி. “இடப்பக்கத்துல என்ன இருக்கு?”

அய்யாக்கண்ணு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வேனுக்குப் பின்னால் குனிந்தான். இடப்பக்கப் பெட்டியிலிருந்து ஒரு ஜாண் தள்ளி சைலன்சர் குழாய் முடிந்தது. சற்று முன்னால்தான் வண்டியைக் கொண்டுவந்து விட்டிருந்தான். பெட்டியின் தகட்டில் கையை வைத்தவன் உடனே எடுத்துவிட்டான். நடுப்பெட்டியைத் தொட்டான். அது சும்மா வெதுவெதுப்பாக இருந்தது.

“ஹவ் அண்ணி, ஆமா. இது காயுது.”

சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும் என்று கனகமணிக்குத் தெரியாது. அதைச் சக்ரபாணிதான் அன்று மாலை சொன்னார். அதுவும் உடனே சொல்லவில்லை. தாளைப் பார்த்தார், சுருள்களைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ஒலி சீக்கிரம் திரும்பினால், தரை பக்கத்தில் இருப்பதாக இயந்திரம் நினைத்துக்கொள்ளும். முப்பத்து மூன்று மில்லிமீட்டர் பள்ளத்தை இருபத்து மூன்று என்று எழுதும் என்று மெதுவாக விளக்கினார். பிறகு தலையை ஆட்டினார்.

“ஆனா இதுதான் காரணம்னு எப்படிச் சொல்றது? அய்யாக்கண்ணு ஒவ்வொரு நடையிலயும் ஒரே தடத்துலதான் ஓட்டினான்னு என்ன நிச்சயம்? அரை அடி தள்ளிப் போனாலே அளவு மாறும்.”

“அப்படின்னா வலப்பக்கமும் மாறணும்லா சார்.”

நான்கு மாத அளவுகள் ஏற்கெனவே அச்சடித்து டெல்லிக்குப் போய்விட்டன. குழு வர இரண்டு வாரம்தான் இருந்தது. அவருடைய பதவி உயர்வும் அந்தக் குழுவின் கையில் இருந்தது. அது பிரிவில் எல்லோருக்கும் தெரியும்.

“கையால அளந்து பாத்தா தெரிஞ்சிரும் சார்” என்றாள் கனகமணி. “அந்தத் தந்திக் கம்பத்துக்கு நேரே பட்டையை வச்சு, ஆப்பை விட்டுப் பாத்தா, முப்பத்து மூணா இருபத்து மூணான்னு தெரிஞ்சிட்டுப் போகுது.”

“முடியாது.”

“பத்து இடம் பாத்தாப் போதும்.”

“முடியாதுன்னு சொல்றேன். ரோட்டுல ஆளை இறக்கறதுக்கு இனிமே நான் கையெழுத்துப் போடமாட்டேன்.” குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. வெளியே டைப் அடிக்கிற சத்தம் நின்று, பிறகு மறுபடி தொடங்கியது.

“கையெழுத்து வேண்டாம் சார். நான் போறேன்.”

சக்ரபாணி அவளைப் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் அவளை நேருக்கு நேர் பார்த்தது அன்றுதான். அவள் முகத்தில் பிடிவாதமோ வருத்தமோ இல்லை. சுருளில் ஒரு தப்பு இருக்கிறது, அதைச் சரிபார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது. எழுந்து போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்துச் சனிக்கிழமை மத்தியானம் அவளுடைய மேஜைக்கு வந்து நின்றார். “நாளைக்குக் காலம்பர ஏழு மணிக்குப் போகலாம். ஞாயித்துக்கிழமை லாரி கம்மி. பின்னால வேனை நிறுத்தி மறிச்சுக்கலாம். கொடியை நான் பிடிக்கறேன்.”

ஞாயிற்றுக்கிழமை ஹில்டாவைத் தனியாகக் கோயில் ஆராதனைக்குப் போகச் சொல்லிவிட்டு, கனகமணி பழைய சேலையொன்றைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். பாலாநகரில் தொழிற்சாலைகள் அடைத்துக் கிடந்தன. ஒரு டீக்கடையும் சைக்கிள் கடையும் மட்டும் திறந்திருந்தன. அய்யாக்கண்ணு வேனைச் சாலையின் குறுக்கே பாதி மறித்து நிறுத்திவிட்டுப் பட்டையை இறக்கினான். சக்ரபாணி முன்னால் முப்பது அடி நடந்துபோய்க் கொடியோடு நின்றார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

கனகமணி அந்தச் சாலையை அதற்குமுன் பார்த்ததில்லை. ஏழெட்டு மாதமாகக் காகிதத்தில் அதன் ஒவ்வொரு பத்து மீட்டரும் மனப்பாடமாகியிருந்தது. நேரில் பார்த்தபோது சாதாரணச் சாலையாக இருந்தது. எண்ணெய்க் கறை, நசுங்கிய பீடிக்கட்டு, ஓரத்தில் ஒரு செருப்பு. எந்த இடத்தில் நடந்தது என்று அவள் கேட்கவில்லை. அய்யாக்கண்ணு ஓரிடத்தில் மட்டும் சாலையின் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தான். அவள் அதைக் கவனித்தாள்.

முழங்காலிட்டு, பட்டைக்கு அடியில் ஆப்பைச் செருகினாள். பித்தளை சில்லென்று இருந்தது. “முப்பத்து நாலு” என்றாள். அய்யாக்கண்ணு எழுதினான். அடுத்த இடம் முப்பத்து மூன்று. அடுத்தது முப்பத்தாறு. பத்து இடத்திலும் இயந்திரத்தின் முதல் நடைக்கும் ஆப்புக்கும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். மூன்றாம் நடைக்கும் ஆப்புக்கும் பத்து, பதினொன்று. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

நடுவில் ஒரு லாரி வந்தது. காலி லாரி. தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, ஒதுங்கித்தான் போயிற்று. அது கடந்து போகிறவரை சக்ரபாணி கொடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். போன பிறகும் கையை இறக்கவில்லை. அய்யாக்கண்ணு போய் “சார், ஆயிடுச்சு. எல்லாம் எழுதியாச்சு” என்று சொல்லிக் கொடியை வாங்கிக்கொண்டான்.

பட்டையை வேனில் ஏற்றுகிறபோது சக்ரபாணி கனகமணியிடம் வந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு ஜெயகரன் நாளைக்கு வந்துக்கலாம்னுதான் சொன்னார். கொடிக்காரன் இல்லையேன்னார். மாச ரிப்போர்ட் போகணும், முடிச்சுடுங்கோன்னு நான்தான்...”

“தெரியும் சார்.”

“யார் சொன்னா? அய்யாக்கண்ணுவா?”

“பதிவேட்டுல இருக்கு. அவுகளே எழுதி வச்சிருக்காக.”

“எப்ப பார்த்தேள்?”

“மார்ச்சுல.”

அவர் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டார். “இத்தனை மாசமா ஒரு வார்த்தை கேக்கலையே.”

“கேக்கணும்னு தோணும்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன் சார். தோணல.” அவள் கொஞ்சம் யோசித்தாள். “இப்பவும் தோணல. நீங்க வருத்தப்படுதீங்கன்னு தெரியுது. எனக்கு அதுல சொல்றதுக்கு ஒண்ணும் வரமாட்டேங்குது.”

திட்டியிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டு முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

வீட்டில் ஹில்டா கோயிலிலிருந்து வந்து காத்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் சேலையில் முழங்கால் இருக்கிற இடத்தில் இரண்டு கறுப்பு வட்டம். எங்கே போயிருந்தாய் என்று கேட்டாள். கனகமணி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கொடிக்காரர் வராதது, ஒத்திவைக்கலாமென்று அப்பா சொன்னது, சக்ரபாணியின் உத்தரவு, பதிவேடு, இன்றைக்கு அளந்தது. பதிவேட்டில் எழுதுகிற வரிசையிலேயே சொன்னாள்.

ஹில்டாவின் முகம் சிவந்துகொண்டே வந்தது. “யூ நியூ? யூ நியூ, அண்ட் யூ ஒர்க் ஃபார் ஹிம்? கைக்கு மம்மி? கைக்கு?”

“வேற எங்க போக?”

“தட்ஸ் நாட் த பாயிண்ட். யூ டிட் நாட் ஈவன் க்ரை. அப்பாவுக்கு நீ அழவே இல்ல.” அது மட்டும் தமிழில் வந்தது.

“அழல. வரல. நான் பிடிச்சு வைக்கலை ஹில்டா, எனக்கு வரல. நீ அழு.”

ஹில்டா அழுதாள். கனகமணி பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். கைக்கு அடியில் மகளின் முதுகு ஏறி இறங்குவது தெரிந்தது. அது அடங்குகிறவரை இருந்துவிட்டு, சோறு வைக்க எழுந்தாள். ஒரு வாரம் ஹில்டா அவளோடு பேசவில்லை. எட்டாம் நாள், அப்பாவின் அந்தப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள். கனகமணி சக்ரபாணியிடம் அனுமதி வாங்கி, மகளை ஆபீசுக்கு அழைத்துப்போய்க் காட்டினாள். ஹில்டா அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த எண்ணெல்லாம் என்ன என்று கேட்டாள். கனகமணி விளக்கினாள்.

சக்ரபாணி டெல்லிக்குக் கடிதம் எழுதிவிட்டார். நான்கு மாத அளவுகளில் இடப்பக்கக் கணக்கு முழுவதும் தவறு, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், தவறு என்னுடைய மேற்பார்வையில் நேர்ந்தது என்று எழுதியிருந்தார். குழு வந்தது. கடுமையான வார்த்தைகள் பேசப்பட்டன. அந்த வருஷம் பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் சைலன்சர் குழாயை வளைத்து வேனின் கூரைக்கு மேலே கொண்டுபோனார்கள். பெட்டிகளுக்குத் தகட்டுக் கூண்டு போட்டார்கள். அய்யாக்கண்ணு எல்லாச் சாலைகளிலும் மறுபடி தேர் இழுத்தான். கனகமணி முதல் சுருளிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

1988இல் அறிக்கை அச்சாகி வந்தது. கடைசிப் பக்கத்தில், கோடுகளின் பிழையைக் கண்டுபிடித்தவர் என்று கனகமணியின் பெயரைச் சக்ரபாணி சேர்த்திருந்தார். அச்சுக்குப் போகுமுன் அவளிடம் காட்டினார். அவள் பார்த்துவிட்டு, சூட்டைத் தொட்டுப் பார்த்துச் சொன்னது அய்யாக்கண்ணு என்றாள். அவன் பெயரும் சேர்ந்தது. அவன் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வீட்டில் சட்டம் போட்டு மாட்டினான்.

அந்த அறிக்கையின்பேரில் நெடுஞ்சாலைத் துறை பாலாநகர் சாலையைத் தோண்டி, ஜல்லி போட்டு, புதிதாகத் தார் போட்டது. போட்ட பிறகு வேன் ஒரு நடை போய் வந்தது. இப்போது கனகமணியும் வேனில் போக ஆரம்பித்திருந்தாள். கருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேனாக்களைப் பார்த்துக்கொள்வாள். மூன்று கோடும் ஒன்றோடொன்று ஒட்டி ஓடின.

“எப்படி இருக்குது அண்ணி?” என்று அய்யாக்கண்ணு முன்னாலிருந்து கேட்டான்.

“இடது மூணு, வலது ரெண்டு. நல்லா இருக்கு.”

“அண்ணன் இருந்தா...” என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

“ரோட்டைப் பாத்து ஓட்டுங்க தம்பி” என்றாள்.

மறு வருஷம் சக்ரபாணி டெல்லிக்கு மாற்றலாகிப் போனார். விடைபெறும்போது அவளுக்குக் கும்பிடு போட்டார், அவளும் போட்டாள். ஹில்டா வேலூரில் நர்சிங் சேர்ந்தாள். வாரம் ஒரு கடிதம் இங்கிலீஷில் வரும். கனகமணி தமிழில் பதில் எழுதுவாள்.

அந்த வருஷம், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை நவம்பரில் வந்தது. ஆராதனை முடிந்து, காணிக்கையாக வந்த காய்கறிகளையும் வாழைத்தார்களையும் கோயில் வாசலில் ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரிய பூசணிக்காய்க்கு இரண்டு பேர் போட்டி போட்டார்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “ஒரு தரம், ரெண்டு தரம்” என்று சொல்லிக்கொண்டிருக்கையில் கனகமணியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பக்கத்தில் நின்ற அம்மாள் கையைத் தொட்டு, என்னம்மா என்று கேட்டாள்.

“தெரியல” என்றாள் கனகமணி. உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை. நெஞ்சில் வலி ஒன்றும் இல்லை. யாரையும் நினைக்கவும் இல்லை. முந்தானையால் துடைத்தாள், மறுபடி வழிந்தது, மறுபடி துடைத்தாள். பூசணிக்காயை ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு ஒருவர் எடுத்தார். அடுத்து முருங்கைக்காய்க் கட்டு வந்தது. அதற்குப் போட்டி இல்லை. அவள் கையைத் தூக்கினாள். கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெயிலில் வீட்டுக்கு நடந்தாள்.